வரவு ஒருத்தருக்கு, செலவு இன்னொருத்தருக்கு

(பட்டிமன்றத் தலைப்பு: பெட்ரோலியத்தால் மனிதகுலம் பெற்றது அதிகமா? இழந்தது அதிகமா? ‘இழந்ததே அதிகம்’ என்ற அணியின் இரண்டாவது பேச்சாளர் ஆற்றிய உரை.)

    

எனக்கு முன்னால பேசின அண்ணன், முடிக்கும்போது என்னைக் கையைக் காட்டி ஒரு கேள்வி கேட்டுட்டு உக்காந்திருக்கார். “பெட்ரோலால இழந்ததே அதிகம்னு பேச வந்திருக்காங்களே, இந்தம்மா ஊர்லயிருந்து நடந்தா வந்தாங்க? வேன்லதானே வந்தாங்க?” அப்படின்னு கேட்டார். நீங்களும் பலமா கை தட்டினீங்க.

ஆமாங்கய்யா, வேன்லதான் வந்தேன். அண்ணனும் அதே வேன்லதான் வந்தார். ஜன்னலோர சீட்டை முதல்லயே துண்டு போட்டுப் பிடிச்சுக்கிட்டார். கடைசி சீட்டுல, டீசல் நாத்தத்துல, மூக்கைப் பொத்திக்கிட்டு வந்தது நான். காத்து வாங்கினது அவரு; புகை வாங்கினது நான். வேன் ஒண்ணுதான். பெற்றது ஒருத்தர், இழந்தது ஒருத்தர். இன்னிக்கித் தலைப்புக்கு வேன்லயே தீர்ப்பு சொல்லியாச்சுங்கய்யா! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர்: அப்ப என்னை எதுக்கும்மா கூப்பிட்டாங்க? (சிரிப்பு)

அந்தத் தீர்ப்பை மைக்ல சொல்றதுக்குத்தான் ஐயா! (கைதட்டல்)

நான் விளையாட்டுக்குச் சொல்லலை. இன்னிக்கி நான் சொல்ல வந்த விஷயமே அதுதான். எதிரணி நண்பர்கள் ஒரு கணக்குப் புத்தகத்தைத் திறந்து வச்சு, வரவுப் பக்கத்தை அழகா வாசிச்சாங்க. ஆம்புலன்ஸ் ஓடுதுன்னு சொன்னாங்க. வயக்காட்டுல டீசல் எஞ்சின் தண்ணி இறைக்குதுன்னு சொன்னாங்க. கிராமத்துப் பொம்பளைப் பிள்ளைங்க பஸ் ஏறிக் காலேஜுக்குப் போகுதுன்னு சொன்னாங்க. அத்தனையும் சத்தியம். ஒரு வரியைக்கூட நான் மறுக்கலை.

அந்தச் சகோதரி அடுப்படியைப் பத்திப் பேசினாங்களே, அதுக்கு நானும் சேர்ந்து கை தட்டினேன். விறகடுப்புல ஊதி ஊதிக் கண்ணு பூத்துப் போன தலைமுறை நம்ம அம்மாமார் தலைமுறை. கேஸ் அடுப்பு வந்து அவங்க நெஞ்சுக்குள்ள போன புகையை நிறுத்துச்சு. 2016ல உஜ்வலா திட்டம் வந்த பிறகு, பத்துக் கோடிக்கு மேல ஏழை வீடுகளுக்கு இணைப்புக் கொடுத்திருக்காங்க. நல்ல காரியம். அதை எழுதுங்க, வரவுலயே எழுதுங்க.

ஆனா நடுவர் அவர்களே, வரவுப் பக்கத்தை மட்டும் வாசிச்சுட்டு, “பாருங்க, எவ்வளவு லாபம்!”னு சொன்னா, அது கணக்கா? நம்ம ஊர்க் கல்யாணத்துல மொய் நோட்டு எழுதுறவர்கூட அப்படிச் சொல்ல மாட்டார். செலவுப் பக்கத்தைப் புரட்டணும். புரட்டினா அங்க ஒரு அதிசயம் தெரியும். வரவுப் பக்கத்துல ஒரு பேரு இருக்கும். செலவுப் பக்கத்துல வேற பேரு இருக்கும். பந்தியில உக்காந்து சாப்பிட்டவர் ஒருத்தர். மொய் வச்சவர், தெருவுல போய்க்கிட்டிருந்த ஒரு அப்பாவி! (சிரிப்பு) அந்த அப்பாவி யார் யார்னு சொல்லத்தான் நான் எந்திரிச்சிருக்கேன்.

முதல்ல இந்தச் சரக்கு என்னன்னு பாத்துருவோம். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி கடல்ல மிதந்த நுண்ணுயிர்கள், பாசிகள் செத்து அடியில படிஞ்சு, அதுக்கு மேல சேறும் மண்ணும் அமுக்கி, பூமிச் சூட்டுல வெந்து வெந்து எண்ணெயாவும் வாயுவாவும் மாறியிருக்கு. கரியும் ஹைட்ரஜனும் கைகோத்த பொருள். அதனாலதான் ஹைட்ரோகார்பன்னு பேரு. மண்ணெண்ணெய், பெட்ரோல், டீசல், சமையல் கேஸ் எல்லாம் ஒரு வயித்துப் பிள்ளைங்க.

1859ல அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலத்துல, டைட்டஸ்வில்னு ஒரு ஊர்ல, எட்வின் டிரேக்ங்கிறவர் 69 அடி துளை போட்டு எண்ணெய் எடுத்தார். நம்ம அசாம் டிக்பாய்ல 1889லயே எண்ணெய்க் கிணறு வந்தாச்சு. அப்பல்லாம் விளக்கெரிக்க மண்ணெண்ணெய்தான் தேவை. மண்ணெண்ணெயைப் பிரிச்செடுத்த பிறகு மிச்சமாகிற பெட்ரோலை என்ன செய்யறதுன்னு தெரியலை. காரும் கிடையாது, ஸ்கூட்டரும் கிடையாது. என்ன செஞ்சாங்க தெரியுமா? ஆத்துல கொட்டினாங்க! ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னாங்க நம்ம பெரியவங்க. இவங்க அளக்காமலே கொட்டினாங்க. இன்னிக்கி லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி நிக்கிற பெட்ரோலை! (சிரிப்பு) சிரிக்காதீங்க. அந்த ஆத்தங்கரையில குடியிருந்தவனைப் பத்தி அன்னிக்கி ஒருத்தரும் யோசிக்கலை. செலவுப் பக்கத்துல முதல் வரி அங்கேயே விழுந்தாச்சு.

அடுத்த வரியைப் பாருங்க. கார் வந்துச்சு. எஞ்சின் ‘டக் டக்’னு இடிக்குது. அதை நிறுத்த 1921ல தாமஸ் மிட்ஜ்லிங்கிற விஞ்ஞானி ஒரு மருந்து கண்டுபிடிச்சார். பெட்ரோல்ல ஈயக் கூட்டுப்பொருளைக் கொஞ்சம் கலந்தா எஞ்சின் இடிக்காது. 1923ல விற்பனைக்கு வந்துருச்சு. ஈயம் நஞ்சுன்னு தெரியாதான்னு கேப்பீங்க. தெரியும். பல நூற்றாண்டா மனுஷனுக்குத் தெரிஞ்ச விஷயம் அது. 1924 அக்டோபர்ல நியூஜெர்சியில இந்த மருந்து தயாரிச்ச ஆலையில தொழிலாளிகள் புத்தி கலங்கி, பிதற்றி, அஞ்சு பேர் செத்துப் போனாங்க. பத்திரிகையெல்லாம் எழுதுச்சு.

உடனே மிட்ஜ்லி பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டார். எல்லார் முன்னாலயும் அந்தத் திரவத்தைக் கையில ஊத்தித் தேய்ச்சார். மூக்குல வச்சு மோந்து காட்டினார். “பாருங்க, ஒண்ணும் ஆகலை”ன்னார். நம்ம ஊர்ச் சந்தையில பாம்பைக் கழுத்துல போட்டுக்கிட்டு லேகியம் விக்கிறவர் மாதிரி! (சிரிப்பு) இதுல வேடிக்கை என்னன்னா, அதுக்கு முந்தின வருஷம், 1923ல, இதே மனுஷர் ஈய நஞ்சு உடம்புல ஏறினதுக்காக வேலைக்கு லீவு போட்டு ஓய்வெடுத்துக்கிட்டு வந்தவர்! (கைதட்டல்)

அப்புறம் என்ன ஆச்சு? உலகம் பூரா அந்த ஈயப் பெட்ரோல் ஓடுச்சு. ஈயம் புகையோட வெளிய வந்து தெருவுல படிஞ்சுது, வீட்டுத் திண்ணையில படிஞ்சுது, பிள்ளைங்க விரல்ல ஒட்டி வாய்க்குள்ள போச்சு. ஈயம் பெரியவங்களை விடச் சின்னப் பிள்ளைங்க மூளையைத்தான் அதிகமாத் தாக்கும். படிப்பு ஏறாது, கவனம் நிக்காது. “எம்புள்ளை ஏன் மக்கா இருக்கான்”னு தலையில அடிச்சுக்கிட்ட தாய்க்கு, அந்தப் பக்கம் போன கார்தான் ஒரு காரணமா இருக்கலாம்னு யார் சொன்னது?

ஒரு ஆள் விடாம சொன்னார். கிளேர் பேட்டர்சன். 1956ல பூமிக்கு வயசு சுமார் 455 கோடி வருஷம்னு கணிச்சுச் சொன்ன விஞ்ஞானி. அந்தக் கணக்குக்கு ஈயத்தை அளக்கப் போனவர், தொட்ட இடமெல்லாம், பட்ட இடமெல்லாம் ஈயமா இருக்கிறதைக் கண்டு மிரண்டு போனார். எங்கேயிருந்து வந்துச்சுன்னு தேடினார். பெட்ரோல்தான்னு 1965ல எழுதினார். அவருக்கு என்ன பரிசு கிடைச்சுது? எண்ணெய்த் தொழில் தரப்புலயிருந்து வந்த ஆராய்ச்சிப் பணம் நின்னு போச்சு.

இந்தியாவுல ஈயமில்லாத பெட்ரோல் 1995ல நாலு பெருநகரங்கள்ல வந்து, 2000 பிப்ரவரியிலதான் நாடு பூரா வந்துச்சு. உலகத்துலயே கடைசியா அல்ஜீரியா நாட்டுல நிறுத்தினது 2021 ஜூலை. 1921ல கண்டுபிடிச்சது, 2021ல நிறுத்தினது. நூறு வருஷம் ஐயா, நூறு வருஷம்! அது நின்னதால வருஷத்துக்குப் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல அகால மரணம் தவிர்க்கப்படுதுன்னு ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு மதிப்பிட்டிருக்கு. எஞ்சின் இடிக்காம ஓடுச்சே, அது கார்க்காரர் வரவு. பிள்ளை மூளையில ஏறின ஈயம் யார் செலவு? கார் வாங்க வக்கில்லாம ரோட்டோரம் குடியிருந்தவன் செலவு! (பலத்த கைதட்டல்)

“அதுதான் ஈயத்தை எடுத்தாச்சே”ன்னு எதிரணி அண்ணன் சொல்றார். சரி, புகை? 2012ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும்னு முதல் பட்டியல்லயே சேர்த்துருச்சு. அந்தப் பட்டியல்ல புகையிலையும் இருக்கு. சிகரெட் குடிக்கிறவனையாவது “விட்டுருடா”ன்னு சொல்லலாம். நாற்சந்தியில நிக்கிற போக்குவரத்துக் காவலரைப் பாத்து, “மூச்சு விடுறதை விட்டுருங்க”ன்னு சொல்ல முடியுமா? பஸ் ஸ்டாண்டு வாசல்ல பூ விக்கிற அம்மாவை, பஸ் கிளம்பும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கச் சொல்ல முடியுமா?

லண்டன் மாநகரத்துல ஒரு சம்பவம். பெரிய ரோட்டுக்குப் பக்கத்துல குடியிருந்த ஒன்பது வயசுப் பெண் குழந்தை. ஆஸ்துமா. எத்தனையோ தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. 2013ல இறந்து போச்சு. அந்தத் தாய் விடலை. “என் பிள்ளை எதனால செத்துச்சுன்னு எழுத்துல சொல்லுங்க”ன்னு போராடினாங்க. 2020 டிசம்பர்ல, மரண விசாரணை அதிகாரி, அந்தக் குழந்தையோட மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம்னு பதிவு செஞ்சார். வண்டிப் புகைதான் அந்த மாசுல முக்கியம்னும் சொன்னார். அந்த நாட்டுலயே அப்படி எழுதினது அதுதான் முதல் தடவை.

யோசிச்சுப் பாருங்க தாய்மார்களே. அந்த ரோட்டுல போன எத்தனை லட்சம் பேருக்கு அந்தப் பயணம் வரவு! ஒருத்தராவது கெட்டவரா? இல்லை. வேலைக்குப் போனவர், கடைக்குப் போனவர், ஏன், வேற ஒரு பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனவர்கூட இருக்கலாம். ஆனா அத்தனை பேரு பயணத்துக்கும் டிக்கெட் எடுத்தது அந்தப் பச்சைக் குழந்தையோட நுரையீரல்! (மௌனம், பிறகு கைதட்டல்)

அடுத்தது, எண்ணெய் எடுக்கிற இடத்துக்கு வாங்க. வீட்டுக்குக் கீழ எண்ணெய் இருந்தா நாம கோடீஸ்வரன்னு நினைக்கிறோம் இல்லையா? நைஜீரியா நாட்டுல நைஜர் ஆத்து முகத்துவாரத்துல ஒகோனின்னு ஒரு மக்கள். மீன் பிடிச்சும் விவசாயம் பண்ணியும் பிழைச்சவங்க. அவங்க மண்ணுல 1958லயிருந்து எண்ணெய் எடுத்தாங்க. குழாய் கசிஞ்சுது, வயல் கறுத்துது, ஓடையில மீன் செத்துது. கென் சாரோ-விவான்னு ஒரு எழுத்தாளர் அந்த மக்களைத் திரட்டினார். 1993 ஜனவரியில லட்சக்கணக்கான ஒகோனி மக்கள் கையில ஆயுதமில்லாம ஊர்வலம் போனாங்க. 1995 நவம்பர் 10ஆம் தேதி, அந்த நாட்டு ராணுவ அரசு அந்த எழுத்தாளரையும் இன்னும் எட்டுப் பேரையும் தூக்குல போட்டுது. உலகமே கண்டிச்சுது. போன உயிர் திரும்பலை.

2011ல ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு அங்க போய் ஆராய்ச்சி பண்ணி அறிக்கை கொடுத்துச்சு. ஒரு ஊர்ல ஜனங்க குடிக்கிற கிணத்துத் தண்ணியில, புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன், அனுமதிச்ச அளவைப் போல 900 மடங்குக்கு மேல! அந்த நிலத்தையும் நீரையும் முழுசா மீட்க 25 முதல் 30 வருஷம் ஆகலாம்னு அறிக்கை சொல்லுச்சு. எண்ணெய் அவங்க காலுக்குக் கீழ. வெளிச்சம் யாரோ ஒருத்தர் வீட்டுல!

ஆப்பிரிக்காக் கதை நமக்கெதுக்குன்னு எதிரணியில முணுமுணுப்புக் கேக்குது. நம்ம எண்ணூருக்கு வாங்க. 2017 ஜனவரி 28, விடியக் காலை. எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளிய ரெண்டு கப்பல் மோதிக்கிச்சு. எண்ணெய் கசிஞ்சு கரையெல்லாம் கறுப்பு. இந்த எண்ணெயை எதை வச்சு அள்ளினாங்கன்னு ஞாபகம் இருக்கா? வாளி! பிளாஸ்டிக் வாளி! கல்லூரிப் பிள்ளைங்களும் மீனவர்களும் தொழிலாளிகளும் வரிசையா நின்னு, வாளியில மோந்து மோந்து கை மாத்தி விட்டாங்க. மேல்நாட்டு எஞ்சினு, மேல்நாட்டுக் கப்பலு, ஆனா துடைக்கிறதுக்கு மட்டும் நம்ம வீட்டு வாளி! (கைதட்டல்)

அதுக்கப்புறமாவது பாடம் படிச்சமா? 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழை. மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைப் பகுதியிலயிருந்து வெள்ளத்தோட எண்ணெய் வந்து பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆறு, எண்ணூர்க் கழிமுகம்னு பரவுச்சு. தண்ணி வடிஞ்ச பிறகு வீட்டுச் சுவர்ல எண்ணெய்க் கோடு. படகெல்லாம் கறுப்பு. வலையெல்லாம் பிசுபிசுப்பு. எண்ணெய் ஒட்டின வலையைச் சோப்புப் போட்டு அலசி மறுநாள் கடலுக்குப் போயிட முடியாது ஐயா. வலை போனா மீனவனுக்கு அடுப்பு அணைஞ்சுது. வெள்ளத்துல ஏற்கெனவே பாதி போயிருந்தவனுக்கு மிச்சப் பாதியையும் எண்ணெய் எடுத்துக்கிட்டுது.

இதெல்லாம் தெரிஞ்சதாலதான், 2017ல நெடுவாசல்ல ஹைட்ரோகார்பன் திட்டம்னு சொன்னதும் அந்த ஊர்த் தாய்மார்கள் நடுரோட்டுல பந்தல் போட்டு உக்காந்தாங்க. “வளர்ச்சிக்கு எதிரி”ன்னு பேசினவங்க இருந்தாங்க. அவங்க வளர்ச்சிக்கு எதிரி இல்லை ஐயா. “வரவு யாருக்கு, செலவு யாருக்கு?”ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. 2020ல காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலம்னு சட்டமன்றத்துல சட்டம் போட வச்சது அந்தக் கேள்விதான். சோறு போடுற நிலத்துல துளை போடாதேன்னு சொல்றது பிற்போக்கா?

நடுவர்: அம்மா, ஒரு சந்தேகம். கசிய விட்டது மனுஷன். மோத விட்டது மனுஷன். எண்ணெய் என்னம்மா பாவம் பண்ணுச்சு?

நல்ல கேள்வி ஐயா. எதிரணித் தலைவரும் அதையேதான் சொன்னார், கத்தியைக் குத்தம் சொல்லலாமான்னு. ஆனா தலைப்பு என்ன? எண்ணெய் குற்றவாளியான்னு கேக்கலை. மனிதகுலம் பெற்றது அதிகமா, இழந்தது அதிகமான்னுதான் கேட்டிருக்கீங்க. கத்தி மேல தப்பில்லைன்னே வச்சுக்குவோம். வெட்டுப்பட்டவனுக்கு ரத்தம் வராம இருக்குமா? (கைதட்டல்)

வளைகுடாப் பணத்தைப் பத்தி அண்ணன் பெருமையாச் சொன்னார். எண்ணெய் இருந்ததாலதான் நம்ம பிள்ளைங்க துபாய் போச்சு, குவைத் போச்சு, வீடு கட்டுச்சுன்னார். உண்மை. அந்த வேர்வைக்கு நான் தலை வணங்குறேன். ஆனா 1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக் படை குவைத்துக்குள்ள நுழைஞ்சுது. அந்த ஒரே நாள்ல அத்தனை வருஷச் சம்பாத்தியத்தையும் போட்டுட்டு, கட்டின துணியோட ஓடி வந்தது யாரு? நம்ம பிள்ளைங்கதான். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியரை விமானத்துல தூக்கிட்டு வந்தோம். 1991ல தோத்துத் திரும்பின படை 600க்கு மேற்பட்ட எண்ணெய்க் கிணத்துல தீ வச்சுட்டுப் போச்சு. கடைசித் தீ நவம்பர்லதான் அணைஞ்சுது. பகல்லயே இருட்டு!

அந்தச் சண்டையில எண்ணெய் விலை ஏறுச்சு. நம்ம நாட்டுக் கஜானாவுல அன்னியச் செலாவணி வறண்டு போச்சு. அதுக்கு வேற காரணங்களும் உண்டு, மறுக்கலை. ஆனா தள்ளாடிக்கிட்டிருந்தவனைக் குழியில தள்ளினது எண்ணெய் விலை. 1991 ஜூலையில என்ன நடந்துச்சு? கிட்டத்தட்ட 47 டன் தங்கத்தை இந்தியா வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வச்சுது. தாலிக்கொடியைக் கழட்டிக் கொடுத்துட்டு மஞ்சக் கயிறு கட்டிக்கிற பொம்பளையைப் பாத்திருக்கீங்களா? என் தேசம் அன்னிக்கி அப்படி நின்னுச்சு ஐயா! (கைதட்டல்) அப்புறம் மீட்டுட்டோம். ஆனா இன்னிக்கும் நாம எரிக்கிற கச்சா எண்ணெயில நூத்துக்கு 85க்கு மேல வெளிநாட்டுச் சரக்குதான். எங்கேயோ ரெண்டு பேர் சண்டை போட்டா, நம்ம தெருவுல தக்காளி விலை ஏறுது. இது பெற்றதா, இழந்ததா?

கடைசியா ஒரு கணக்கு. இது எல்லாரும் போடலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எடை சுமார் முக்கால் கிலோ. அதை எரிச்சா எவ்வளவு கரியமில வாயு வரும்? சொல்லுங்க பாக்கலாம். முக்கால் கிலோவா? அரைக் கிலோவா? சுமார் 2.3 கிலோ! எப்படி? பெட்ரோல்ல இருக்கிற ஒவ்வொரு கரி அணுவும் காத்துலயிருந்து ரெண்டு ஆக்சிஜன் அணுவைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வெளிய வருது. தனியாப் போன மாப்பிள்ளை, ரெண்டு மச்சினனைக் கூட்டிக்கிட்டுத் திரும்பி வர்ற மாதிரி! (சிரிப்பு) பைக்ல பத்து லிட்டர் போட்டு ஓட்டி முடிச்சா 23 கிலோ. கிட்டத்தட்ட ஒரு சிப்பம் அரிசி எடை. கண்ணுக்குத் தெரியாததால நமக்கு உறைக்கலை. எரிச்ச ஒவ்வொரு டேங்குக்கும் ஒரு மூட்டை வாசல்ல விழுந்துச்சுன்னா, நம்ம தெருவுல நடக்க இடம் இருக்குமா?

அந்த மூட்டையெல்லாம் எங்க போச்சு? வானத்துல இருக்கு. ஆலைகளும் எஞ்சின்களும் பெருகுறதுக்கு முன்னால காத்துல பத்து லட்சத்துக்கு 280 பங்கு கரியமில வாயு இருந்துச்சு. 1958ல ஹவாய்த் தீவுல மௌனா லோவா மலை மேல சார்லஸ் கீலிங்ங்கிறவர் அளக்க ஆரம்பிச்சார். அப்ப 315. இன்னிக்கி 420ஐயும் தாண்டிருச்சு. நிலக்கரிக்கும் இதுல பெரிய பங்கு உண்டு. பெட்ரோலியம் அதுக்குக் கூடப் பொறந்த பொறப்பு. பூமி சூடாகுது. கடல் சூடாகுது. வெயில் கொல்லுது, மழை பெஞ்சா ஒரே ராத்திரியில கொட்டித் தீக்குது.

இதுவும் தெரியாம நடந்ததா? எக்ஸான்ங்கிற பெரிய எண்ணெய்க் கம்பெனியில, அவங்க சொந்த விஞ்ஞானிகளே 1977லயே நிர்வாகத்துக்கிட்ட எடுத்துச் சொன்னாங்க. அவங்க போட்ட கணக்கு பெரும்பாலும் துல்லியமா இருந்துச்சுன்னு 2023ல ஒரு ஆய்வு வெளிவந்துச்சு. வீட்டுக்குள்ள ஒரு கணக்கு, வெளியில சந்தேகம் கிளப்பி ஒரு பேச்சு. ஈயத்துல பாத்த அதே சந்தை லேகியம்தான்!

இந்தச் செலவு யார் பேர்ல எழுதியிருக்கு தெரியுமா? காத்துல ஏறின கரியமில வாயுவுல ஒரு பங்கு பல நூறு வருஷம் அங்கேயே கிடக்கும். அப்ப இது இன்னும் பொறக்காத நம்ம பேரன் பேத்தி பேர்ல வாங்கின கடன். பத்திரத்துல அவன் கையெழுத்துக் கிடையாது. பணத்தை அவன் பாத்தது கிடையாது. வட்டி மட்டும் அவன் கட்டணும். எந்த ஊர்ப் பஞ்சாயத்துல இது நியாயம்?

“அப்ப மாட்டு வண்டிக்குத் திரும்பச் சொல்றீங்களா?”ன்னு எதிரணி கேப்பாங்க. கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். இல்லை. ஆம்புலன்ஸை நிறுத்தச் சொல்லலை. கேஸ் அடுப்பை அணைக்கச் சொல்லலை. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். பெட்ரோல்லயிருந்து ஈயத்தை எடுத்தாங்களே, கார் நின்னு போச்சா? டெல்லியில 1998ல உச்ச நீதிமன்றம் பஸ்ஸையெல்லாம் கேஸுக்கு மாத்தச் சொன்னப்ப, “முடியவே முடியாது, ஊரே ஸ்தம்பிச்சுரும்”னாங்க. 2002 முடியறதுக்குள்ள மாத்தியாச்சு. கேஸும் இதே குடும்பத்துப் பிள்ளைதான், ஆனா கரும்புகை குறைஞ்ச பிள்ளை. இப்ப மின்சார பஸ்ஸும் ஓடுது, கூரை மேல சூரியத் தகடும் வருது. கம்பெனிக்காரருக்குத் திடீர்னு ஞானோதயம் வந்து இதெல்லாம் நடக்கலை. யாரோ ஒரு பேட்டர்சன், யாரோ ஒரு தாய், யாரோ ஒரு நெடுவாசல் கிழவி, விடாப்பிடியா செலவுப் பக்கத்தை எழுதிக்கிட்டே இருந்தாங்க. எழுதினதாலதான் மாறுச்சு.

நடுவர் அவர்களே! இன்னிக்கி நீங்க, “பெற்றதே அதிகம்”னு தீர்ப்புச் சொன்னா என்ன ஆகும்? கணக்குப் புத்தகத்தை மூடிருவாங்க. லாபம்னு சொல்லியாச்சே, அப்புறம் எதுக்குச் செலவைப் பாக்கணும்? “இழந்ததே அதிகம்”னு நீங்க சொன்னா, புத்தகம் திறந்தே இருக்கும். எண்ணூர் மீனவனோட வலை அதுல ஏறும். நாற்சந்திக் காவலரோட இருமல் ஏறும். அந்த லண்டன் குழந்தையோட மூச்சு ஏறும். இன்னும் பொறக்காத ஒரு பிள்ளையோட கோடைக்காலம் ஏறும். எந்தக் கடனையும் அடைக்கிறதுக்கு முதல் படி, கடன் இருக்குன்னு ஒத்துக்கறதுதான்.

பெற்றவர்கள் இந்த மேடையில் வந்து பேச முடிந்தது. இழந்தவர்களில் பலர் இந்த மண்டபத்துக்கு வர முடியவில்லை. சிலர் உயிரோடு இல்லை. சிலர் இன்னும் பிறக்கவே இல்லை. அவர்கள் சார்பில் நான் கேட்கிறேன்: பெட்ரோலியத்தால் மனிதகுலம் இழந்ததே அதிகம் என்று நல்லதொரு தீர்ப்பை வழங்குங்கள். 

(நீண்ட கைதட்டல்)